வரி ரீஃபண்ட் வந்த மாதம் யுனிவர்சல் கிரெடிட் ஏன் குறைகிறது?

பிரிட்டனில் வரியாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது. ஜூன் மாதம் முதல் வரித்துறையான எச்எம்ஆர்சியின் பி800 கடிதங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கும். போன வரியாண்டில் உங்களிடம் கூடுதலாக வரி பிடிக்கப்பட்டிருக்கிறது, இவ்வளவு பவுண்டு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லும் கடிதம் அது. பணமும் வங்கிக் கணக்கில் வந்து சேரும். அரசு உதவியான யுனிவர்சல் கிரெடிட்டின் அடுத்த ஸ்டேட்மென்டைத் திறந்தால், அந்த மாதத் தொகை சட்டென்று இறங்கியிருக்கும். ரீஃபண்டில் பாதிக்கு மேல் அங்கே கழிந்திருக்கும்.

என் சம்பளத்தில் தவறாகப் பிடித்த பணத்தைத்தானே திருப்பித் தந்தார்கள், அது எப்படிப் புது வருமானம் ஆகும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் எல்லாருக்கும் ஒன்றல்ல. பலருக்கு அந்தக் குறைப்பு நஷ்டமே இல்லை, முன்பு கூடுதலாக வந்த உதவித்தொகை இப்போது நேராகிறது, அவ்வளவுதான். வேறு சிலருக்கு அது அசல் நஷ்டம். கூடுதல் வரி பிடிக்கப்பட்ட அந்த மாதங்களில் நீங்கள் யுனிவர்சல் கிரெடிட் வாங்கிக்கொண்டிருந்தீர்களா என்பதை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியும்.

## முதலில் சில அடிப்படைகள்

யுனிவர்சல் கிரெடிட் என்பது வீட்டின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தரப்படும் அரசு உதவி. 2012ஆம் ஆண்டின் நலச் சீர்திருத்தச் சட்டத்தில் உருவாகி 2013ல் நடைமுறைக்கு வந்தது. நடத்துவது டிடபிள்யூபி என்று எல்லாரும் சொல்லும் வேலை, ஓய்வூதியத் துறை. தம்பதியாக இருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், ஒரே கணக்கு.

கணக்கு மாதந்தோறும் போடப்படுகிறது. ஆனால் அது காலண்டர் மாதம் அல்ல. நீங்கள் விண்ணப்பித்த தேதியிலிருந்து ஓடும் மாதம். 12ஆம் தேதி விண்ணப்பித்தவருக்கு ஒவ்வொரு 12ஆம் தேதியும் தொடங்கி அடுத்த 11ஆம் தேதி முடியும். இதைத்தான் அசெஸ்மென்ட் பீரியட் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் கணக்கு மாதம் என்றே சொல்கிறேன். அந்த மாதம் முடிந்து ஏழு நாளில் பணம் வரும்.

சம்பளம் வந்தால் உதவி எப்படிக் குறைகிறது? இரண்டு எண்கள் போதும்.

1. ஒர்க் அலவன்ஸ். வீட்டில் பிள்ளைகள் இருந்தாலோ, உடல்நிலையால் வேலை செய்யும் திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்டிருந்தாலோ, சம்பளத்தின் முதல் பகுதி தொடப்படாது. 2025-26ல் இது வாடகை உதவியும் சேர்த்து வாங்குவோருக்கு மாதம் 411 பவுண்டு, வாடகை உதவி இல்லாதோருக்கு 684 பவுண்டு. பிள்ளைகளும் இல்லை, உடல்நலக் காரணமும் இல்லை என்றால் ஒர்க் அலவன்ஸே கிடையாது.

2. டேப்பர். ஒர்க் அலவன்ஸுக்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவி குறையும். முன்பு 63 பென்ஸாக இருந்தது, 2021 இறுதியில் 55 ஆனது.

இதில் எந்தச் சம்பளத்தைப் பார்க்கிறார்கள் என்பதுதான் நம் கேள்விக்குச் சாவி. மொத்தச் சம்பளத்தை அல்ல, வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற கட்டாயக் காப்பீட்டுப் பிடித்தம், பென்ஷன் பங்களிப்பு எல்லாம் போக மிஞ்சும் சம்பளத்தை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

## கூடுதல் வரி எங்கே பிடிக்கப்படுகிறது?

வரியில்லாத வருமான வரம்பு ஆண்டுக்கு 12,570 பவுண்டு. மாதக் கணக்கில் 1,047 பவுண்டு 50 பென்ஸ். 2021-22லிருந்து இந்த எண் நகரவில்லை. இந்த வரம்பை முதலாளிக்குத் தெரிவிப்பதுதான் டாக்ஸ் கோட். 1257எல் என்று பேஸ்லிப்பில் இருந்தால் முழு வரம்பும் அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது வேலையில் தொடங்கும். காலையில் பள்ளிச் சமையலறை, மாலையில் கேர் ஹோம் என்று இரண்டு இடத்தில் வேலை செய்பவருக்கு, முதல் வேலை முழு வரம்பையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வேலைக்கு பிஆர் என்ற கோட் போகும். அந்தச் சம்பளத்தில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். முதல் வேலையின் சம்பளம் வரம்பைத் தொடவே இல்லை என்றாலும் அப்படித்தான். புது வேலையில் சேர்ந்து, பழைய முதலாளி தரும் பி45 சான்றைக் கொடுக்காதவருக்கு, கோடின் கடைசியில் டபிள்யூ1 அல்லது எம்1 என்று சேர்ந்த அவசர கோட் விழும். அது முந்தைய மாதங்களைப் பார்க்காமல் அந்தந்த வாரத்தையோ மாதத்தையோ மட்டும் வைத்து வரி பிடிக்கும். ஆண்டின் நடுவில் வேலை போனவருக்கும் கூடுதல் வரி நிற்கும், ஆண்டு முழுக்க அதே சம்பளம் வரும் என்ற கணக்கில்தான் மாதாமாதம் பிடித்திருப்பார்கள்.

திரும்பி வரும் வழி இரண்டு. ஆண்டுக்குள்ளேயே கோட் திருத்தப்பட்டால், அடுத்த சம்பளத்திலேயே முதலாளி சேர்த்துக் கொடுத்துவிடுவார். ஆண்டு முடிந்தபின் என்றால் எச்எம்ஆர்சியிடமிருந்து நேராக வரும். எப்படி வந்தாலும் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு ஒன்றுதான்.

## விதி என்ன சொல்கிறது?

யுனிவர்சல் கிரெடிட் விதிகள் 2013ல் 55ஆவது விதி வேலைச் சம்பளம் எது என்று வரையறுக்கிறது. அதில் உள்ள 4ஏ என்ற உட்பிரிவு சொல்வதன் சாரம் இது: ஒருவர் வேலையில் இருந்த ஒரு வரியாண்டுக்காக எச்எம்ஆர்சி திருப்பித் தரும் வருமான வரியோ நேஷனல் இன்ஷூரன்ஸோ வேலைச் சம்பளமாகவே கொள்ளப்படும். வந்து சேரும் கணக்கு மாதத்தில் அது மற்றச் சம்பளத்தோடு கூட்டப்படும்.

இந்த வாசகத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வரி எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டது என்று விதி கேட்கவில்லை. அப்போது நீங்கள் யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்தீர்களா என்றும் கேட்கவில்லை. அந்த வரியாண்டில் வேலையில் இருந்தீர்களா என்று மட்டும் கேட்கிறது. எளிமைக்காக இப்படி எழுதியிருக்கலாம். அந்த எளிமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பிறகு பார்ப்போம்.

## கணக்கைப் போட்டே பார்க்கலாம்

ஒரு பிள்ளையோடு வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாய். வாடகை உதவியும் வாங்குகிறார், ஒர்க் அலவன்ஸ் 411 பவுண்டு. முதல் வேலையில் மாதம் 640 பவுண்டு. அக்டோபரில் இரண்டாவது வேலையில் சேர்கிறார், அங்கே மாதம் 400 பவுண்டு. இரண்டும் சேர்த்து 1,040. வரம்பான 1,047.50க்குள்தான் இருக்கிறது, அதாவது ஒரு பென்ஸ் கூட வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது வேலையில் பிஆர் கோட் என்பதால் மாதம் 80 பவுண்டு பிடிக்கப்படுகிறது.

சரியாக நடந்திருந்தால்:
சம்பளம் 1,040. ஒர்க் அலவன்ஸ் போக 629. அதில் 55 சதவீதம் 345.95. இவ்வளவுதான் உதவியில் குறைந்திருக்கும்.

நடந்தது:
வரி போகக் கைக்கு வந்தது 960. ஒர்க் அலவன்ஸ் போக 549. அதில் 55 சதவீதம் 301.95.

வித்தியாசம் மாதம் 44 பவுண்டு. வரித்துறை தவறாக 80 பவுண்டு எடுத்தபோது, டிடபிள்யூபி அதில் 44 பவுண்டை உதவித்தொகையில் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை, ஸ்டேட்மென்டிலும் தனி வரியாக இருக்காது, அதனால் அவருக்குத் தெரியவே வழியில்லை. மாதாமாதம் அவர் உண்மையில் இழந்தது 80 அல்ல, 36.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம். கூடுதல் வரி 480. கூடுதலாகக் கிடைத்த உதவி 264.

ஜூலையில் 480 பவுண்டு ரீஃபண்ட் வருகிறது. அதற்குள் கோட் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதக் கணக்கில் சம்பளம் 1,040 கூட்டல் 480, அதாவது 1,520. ஒர்க் அலவன்ஸ் போக 1,109. அதில் 55 சதவீதம் 609.95. வழக்கமான 345.95ஐவிட 264 பவுண்டு அதிகக் குறைப்பு.

அதே 264. ஆறு மாதமாக 44, 44 என்று வந்தது ஒரே மாதத்தில் திரும்பிப் போகிறது. ஒர்க் அலவன்ஸ் ஏப்ரலில் சற்று மாறும், ஆனால் சம்பளம் அதற்கு மேலே இருக்கும்வரை இந்தச் சமன் மாறாது.

ஆக, இந்தத் தாய்க்கு நஷ்டம் இல்லை. அவருக்கு வந்திருப்பது வேறு தொந்தரவு. 480 வந்த அன்று மின்கட்டணமும் பழைய கடனும் கட்டிவிட்டு, அடுத்த மாதம் 264 குறைந்து வரும்போது வாடகைக்குத் தவிப்பார். பணம் வருவதற்கும் குறைப்பு வருவதற்கும் இடையே சில வாரம் இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. ரீஃபண்ட் வந்தவுடன் 55 சதவீதத்தை எடுத்து ஒதுக்கிவிடுவது ஒன்றே இதற்கு வழி.

## சமன் ஆகாத இடங்கள்

மேலே போட்ட கணக்கு அழகாக நேரானதற்குக் காரணம், வரி பிடித்த மாதங்களிலும் ரீஃபண்ட் வந்த மாதத்திலும் அவர் யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்தார், இரண்டு வேளையும் சம்பளம் ஒர்க் அலவன்ஸுக்கு மேலே இருந்தது. இவற்றில் ஒன்று மாறினாலும் கணக்கு சாய்ந்துவிடும்.

1. உதவிக்கு வருமுன்பே பிடிக்கப்பட்ட வரி. இதுதான் மோசமானது. பிள்ளைகள் இல்லாத ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 2,500 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கிறார். மாதம் 290.50 வீதம் ஆறு மாதத்தில் 1,743 பவுண்டு வரி. செப்டம்பரில் வேலை போகிறது, அந்த வரியாண்டில் வேறு வருமானம் இல்லை. ஆண்டு வருமானம் 15,000, அதற்குரிய வரி 486தான். திரும்ப வரவேண்டியது 1,257. அக்டோபரில் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கிறார். அதன்பின் ரீஃபண்ட் வருகிறது. ஒர்க் அலவன்ஸ் இல்லாததால் முதல் பவுண்டிலிருந்தே 55 சதவீதம், அதாவது 691.35 பவுண்டு வரை உதவி குறைகிறது. அவர் வரி கட்டிய மாதங்களில் யாரும் அவருக்கு 55 சதவீதம் கொடுத்து ஈடுசெய்யவில்லை. இது நேரான நஷ்டம். ரீஃபண்டைக் கணக்கில் எடுப்பதற்கான தர்க்கம் இவருக்குப் பொருந்தவே இல்லை, விதி மட்டும் பொருந்துகிறது. உதவி வாங்கிய காலத்தில் பிடித்த வரிக்கு மட்டும் என்று விதியை வரம்பிட்டிருக்க முடியும். மாதாமாதச் சம்பள விவரம் முதலாளியிடமிருந்து எச்எம்ஆர்சி வழியாக டிடபிள்யூபிக்கு நேரடியாகவே போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அது முடியாத காரியம் அல்ல.

இங்கே தேதிதான் எல்லாம். அதே 1,257 விண்ணப்பத்துக்கு முந்தைய நாள் வந்திருந்தால் அது சம்பளம் ஆகாது, கையிலிருக்கும் சேமிப்பு மட்டுமே. அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டால் அந்த நாட்களின் உதவி போய்விடும். ரீஃபண்ட் ஓரிரு நாளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, தள்ளிப்போடுவது பெரும்பாலும் லாபமாக இருக்காது.

2. வரி பிடித்த மாதங்களில் சம்பளம் ஒர்க் அலவன்ஸுக்குக் கீழே இருந்தால். அப்போது டேப்பரே வேலை செய்யவில்லை, ஆகவே பிடித்த வரிக்கு ஈடாக உதவி கூடவும் இல்லை. ரீஃபண்ட் வரும் மாதத்தில் சம்பளம் ஒர்க் அலவன்ஸுக்கு மேலே போயிருந்தால் 55 சதவீதம் குறையும். நேர்மாறாகவும் நடக்கும்: முன்பு அதிகச் சம்பளம், இப்போது வேலை குறைவு என்றால் ரீஃபண்டின் ஒரு பகுதி ஒர்க் அலவன்ஸுக்குள் ஒளிந்து முழுசாகக் கைக்கு வரும்.

3. மேரேஜ் அலவன்ஸ் நிலுவை. கணவன், மனைவியில் ஒருவர் வரி வரம்புக்குள் இருந்தால் தன் வரம்பில் 1,260 பவுண்டை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆண்டுக்கு 252 பவுண்டு வரி மிச்சம். முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம், அப்படிக் கேட்டால் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அந்த நான்கு ஆண்டும் யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்த குடும்பத்துக்கு மேலே சொன்ன சமன் ஓரளவு இருக்கும். சமீபத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு இருக்காது. கூடவே ஒரு எச்சரிக்கை: ரீஃபண்ட் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் முகவர்கள் 40 சதவீதம் கமிஷன் எடுத்து, முழுத் தொகையும் சம்பளமாகக் கணக்கிடப்பட்டால், 1,008 பவுண்டில் 403.20 முகவருக்கும் 554.40 உதவிக் குறைப்புக்கும் போய் மிஞ்சுவது 50 பவுண்டு 40 பென்ஸ். எச்எம்ஆர்சியில் நேராகக் கேட்க ஒரு பென்ஸும் ஆகாது.

4. உதவி பூஜ்யமாகும் அளவுக்குப் பெரிய ரீஃபண்ட். பூஜ்யத்துக்குக் கீழே குறைக்க எதுவும் இல்லை என்பதால் மிச்சம் கையில் நிற்கும். ஆனால் அந்த மாதம் விண்ணப்பம் மூடப்படலாம், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம், ரீஃபண்ட் எல்லாம் சேர்த்து, உதவி பூஜ்யமாகும் அளவைவிட 2,500 பவுண்டுக்கு மேல் போனால் அந்த உபரி அடுத்த மாதக் கணக்குக்கு நகர்த்தப்படும். சாதாரண ரீஃபண்டில் இந்த எல்லையைத் தொடுவது அரிது.

5. மருந்துச் சீட்டு. இது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் யுனிவர்சல் கிரெடிட் வாங்குவோருக்கு மருந்து இலவசம் ஆவதற்கு, கடைசிக் கணக்கு மாதச் சம்பளம் 435 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைக்கான தொகை வாங்கினாலோ வேலைத்திறன் குறைவு என்றாலோ 935 பவுண்டு. ஸ்டேட்மென்டில் ரீஃபண்ட் சம்பளமாகச் சேர்ந்த மாதத்தில் ஒருவர் இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். அது தெரியாமல் வழக்கம்போல் இலவசம் என்று டிக் செய்தால் அபராதக் கடிதம் வரும்.

சுயதொழில் செய்வோருக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்கள் கட்டும் வருமான வரி கட்டிய மாதத்தில் வருமானத்திலிருந்து கழியும், தொழில் சார்ந்த ரீஃபண்ட் வரும் மாதத்தில் வரவாகச் சேரும். ஜனவரி 31, ஜூலை 31 தவணைகளைக் கட்டும்போது மறக்காமல் கணக்கில் காட்டியிருந்தால் இங்கேயும் சமன்தான். குறைந்தபட்ச வருமானம் என்று டிடபிள்யூபி ஒரு தொகையை வைத்து அதையே உங்கள் வருமானமாக எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், ரீஃபண்ட் சேர்ந்தும் அந்தத் தொகையைத் தாண்டாதவரை எந்த மாற்றமும் வராது.

## பழைய ஆலோசனை இப்போது ஏன் பொருந்தாது?

"ரீஃபண்ட் கணக்கில் வராது, அது சேமிப்புத்தான்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. யுனிவர்சல் கிரெடிட்டுக்கு முந்தைய இன்கம் சப்போர்ட், ஹவுசிங் பெனிஃபிட் போன்ற உதவிகளில், சம்பளத்தில் பிடித்த வரி திரும்பினால் அதைச் சேமிப்பாகத்தான் விதிகள் கொண்டன. சேமிப்பு வரம்புக்குள் இருக்கும்வரை உதவி குறையாது. யுனிவர்சல் கிரெடிட் இதைத் தலைகீழாக்கிச் சம்பளம் என்று ஆக்கியது. அண்ணன், அக்கா 2010ல் பெற்ற அனுபவத்தை வைத்து இன்று முடிவெடுத்தால் தவறாகிவிடும்.

இப்போதும் சேமிப்பாகவே கொள்ளப்படும் ரீஃபண்ட் உண்டு. ஒரு வரியாண்டு முழுக்க வேலையே செய்யாதவருக்கு, அந்த ஆண்டில் பென்ஷனிலோ வங்கி வட்டியிலோ பிடித்த வரி திரும்பினால் அது வேலைச் சம்பளம் ஆகாது. ஆனால் விதியின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால், அளவுகோல் எந்த வருமானத்தின் மீதான வரி என்பதல்ல, அந்த ஆண்டில் வேலையில் இருந்தாரா என்பதே. பகுதிநேர வேலையில் இருந்துகொண்டு வட்டிக்கான வரியைத் திரும்பப் பெறுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

## கணக்கு மாதம் முடிந்த பிறகு

சம்பளமாக ஒரு முறை கணக்கில் வந்த ரீஃபண்டில், கணக்கு மாதம் முடிந்தும் செலவாகாமல் இருக்கும் பணம் சேமிப்பு ஆகிறது. யுனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண்டு வரை சேமிப்பு கணக்கில் வராது. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அதன் ஒரு பகுதிக்கும், மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாகக் கொள்வார்கள். 16,000ஐத் தாண்டினால் உதவியே கிடையாது. 2013 முதல் இந்த எல்லைகள் உயர்த்தப்படவில்லை.

உதாரணமாக, மாத முடிவில் வங்கியில் 6,380 பவுண்டு இருந்தால், மேலே உள்ள 380க்கு இரண்டு பங்கு, ஆக 8.70 பவுண்டு மாதந்தோறும் குறையும். சிறிய தொகைதான். 16,000க்கு அருகில் இருப்பவருக்கு மட்டும் இது பெரிய விஷயம்.

## அமெரிக்கா ஏன் எதிர்ப்பக்கம் போனது?

அமெரிக்காவில் சட்டம் நேர் எதிர். கூட்டரசு வரி ரீஃபண்ட், கூட்டரசுப் பணத்தில் நடக்கும் எந்த உதவித் திட்டத்திலும் வருமானம் ஆகாது, வந்த மாதத்திலிருந்து 12 மாதம் வரை சேமிப்பாகவும் எண்ணப்படாது. 2010 டிசம்பரில் தற்காலிகமாக வந்த இந்த ஏற்பாடு, 2013 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் நிரந்தரமானது. உணவு உதவியான ஸ்நாப், வயதானோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான எஸ்எஸ்ஐ, மெடிகெய்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அமெரிக்கர்கள் தாராள மனத்தினர், பிரிட்டிஷார் கஞ்சர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஸ்நாப்பும் எஸ்எஸ்ஐயும் வரி பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைப் பார்க்கின்றன. பிடித்த வரியும் சேர்த்தே வருமானம் என்று முன்பே எண்ணியாகிவிட்டது. திரும்பி வரும்போது மறுபடி எண்ணினால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணியதாகும். பிரிட்டன் வரி போன சம்பளத்தைப் பார்ப்பதால் அங்கே அந்தப் பணம் முன்பு எண்ணப்படவில்லை. இரண்டு முறைக்கும் தன்னளவில் ஒரு நியாயம் இருக்கிறது.

இன்னொரு காரணம், குறைந்த சம்பளக் குடும்பங்கள் பெறும் அமெரிக்க ரீஃபண்டில் பெரும் பகுதி பல நேரம் கட்டிய வரியே அல்ல. 1975ல் தொடங்கிய இஐடிசி என்ற வரிச்சலுகை, குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு அவர்கள் கட்டிய வரியைவிட அதிகமாகத் தரக்கூடியது. 2024 வரியாண்டில் மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதிகபட்சம் 7,830 டாலர். எஸ்எஸ்ஐ வாங்கும் தனிநபரின் சேமிப்பு வரம்போ 2,000 டாலர், தம்பதிக்கு 3,000, 1989 முதல் அப்படியே. ஒரு கையால் உதவி கொடுத்து அதைக் காரணம் காட்டி மறு கையால் நிறுத்துவதைத் தடுக்கத்தான் அந்த 12 மாத விலக்கு. 12 மாதம் கழித்தும் செலவாகாமல் இருந்தால் அது சாதாரணச் சேமிப்பாகிவிடும். மாநில அரசு தரும் ரீஃபண்டுக்கு இந்தக் கூட்டரசு விலக்கு இல்லை: எஸ்எஸ்ஐயில் அது வருமானம் ஆகாது, ஆனால் அடுத்த மாதம் முதல் சேமிப்பாக எண்ணப்படும்.

## பிரிட்டனில் இருப்பவர் செய்ய வேண்டியது

1. ரீஃபண்ட் வந்தால் சொல்லிவிடுங்கள். முதலாளி சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் விவரம் தானாகவே டிடபிள்யூபிக்குப் போய்விடும். எச்எம்ஆர்சி நேராகத் தந்திருந்தால் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் கணக்கின் ஆன்லைன் ஜர்னலில் தேதியும் தொகையும் எந்த வரியாண்டுக்கு உரியது என்பதும் எழுதுங்கள். சொல்லாமல் விட்டால், கூடுதலாக வந்த உதவியைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள், 50 பவுண்டு அபராதமும் போடலாம். யுனிவர்சல் கிரெடிட்டில் அதிகாரியின் பிழையால் கூடுதலாக வந்த பணத்தையும் திரும்பப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

2. ஸ்டேட்மென்டில் சம்பளம் என்று காட்டிய எண்ணை பேஸ்லிப்பின் நிகரச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ரீஃபண்ட் ஒரு முறைக்கு மேல் சேர்ந்திருந்தாலோ, வேலையே செய்யாத ஆண்டுக்குரிய ரீஃபண்டைச் சம்பளம் ஆக்கியிருந்தாலோ, ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். 'சமன் ஆகாத இடங்கள்' பகுதியில் முதல் எண்ணில் சொன்ன நிலையில் இருப்பவர் கேட்டுப் பலன் இருப்பது கடினம், ஏனென்றால் அங்கே அதிகாரி விதியை மீறவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது.

3. இரண்டு வேலை செய்பவர் டாக்ஸ் கோடை இன்றே பாருங்கள். இரண்டாவது வேலையில் பிஆர் என்று இருந்து, இரண்டு சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 12,570க்குள் இருந்தால், வரம்பை இரண்டு வேலைக்கும் பிரித்துத் தரும்படி எச்எம்ஆர்சியைக் கேட்கலாம். நம் உதாரணத்துத் தாய்க்கு முதல் வேலை ஆண்டுக்கு 7,680. மீதி 4,890ஐ இரண்டாவது வேலைக்கு ஒதுக்கினால், அங்கே வரும் 4,800ம் வரியில்லாமல் கைக்கு வரும். பிடிப்பும் இல்லை, ரீஃபண்டும் இல்லை, ஜூலை மாத அதிர்ச்சியும் இல்லை.